எம்340ஐ, ஏ35, ஆக்டேவியா ஆர்எஸ் 245: நம்ம ரோட்டில் எது உண்மையாகவே வேகம்?

ஏற்காடு_20 | சேலம்

செகண்ட் ஹேண்டில் ஒரு வேகமான செடான் எடுக்கப் போகிறேன். எஸ்யூவி வேண்டாம், தயவுசெய்து யாரும் அதைச் சிபாரிசு செய்யாதீர்கள். மூன்று வண்டிகளில் வந்து நிற்கிறேன். மூன்றையும் ஓட்டியும் பார்த்தாயிற்று.

முதலாவது பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ், அதாவது நாலு சக்கர டிரைவ். 2021 மார்ச்சில் 62.90 லட்சத்துக்கு வந்தது. 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ, 387 குதிரைத்திறன், 500 என்எம் டார்க் (திருப்பு விசை), நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட, அதாவது 0-100, கம்பெனிக் கணக்கில் 4.4 வினாடி. அதே மாதம் வந்தது மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ35 செடான்: 56.24 லட்சம், 2 லிட்டர், 306 குதிரைத்திறன், 400 என்எம், 4.8 வினாடி. மூன்றாவது, 2020-ல் 200 வண்டி மட்டும் இறக்குமதியான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245: 35.99 லட்சம், 245 குதிரைத்திறன், 370 என்எம், 6.6 வினாடி, முன்சக்கர டிரைவ். சொன்னதெல்லாம் அன்றைய ஷோரூம் விலை.

பேப்பரில் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் நான் ஓட்டப்போவது சேலம்-சென்னை, சேலம்-கோவை நாலு வழிச்சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு. எப்போதாவது வால்பாறை, கொல்லிமலை. பெரும்பாலும் குடும்பத்தோடு, பெட்டி படுக்கையோடு. 4.4-க்கும் 6.6-க்கும் நடுவில் இருக்கிற அந்த 2.2 வினாடி இந்த ரோடுகளில் எங்கே தெரியும், எங்கே தெரியாது? விலை, சர்வீஸ் செலவு பற்றி விசாரித்துவிட்டேன். ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

ஆறு_சிலிண்டர் | சென்னை

எம்340ஐ எடுங்க ப்ரோ. நான் வெச்சிருக்கேன், அதனால சொல்றேன்.

0-100 யாரும் தினமும் போடறதில்ல. அந்த இன்ஜினோட மதிப்பு வேற இடத்துல இருக்கு. 1,900 ஆர்பிஎம் பக்கத்துலயே 500 என்எம் முழுசா வந்துடும், 5,000 வரைக்கும் அப்படியே நிக்கும். கிருஷ்ணகிரி தாண்டினதும் ரெண்டு லேனையும் லாரி அடைச்சுக்கிட்டு 60-ல போகுமே, தெரியும்ல? வழி கிடைச்சதும் ஆக்சிலரேட்டரை பாதி அழுத்தினா போதும், கேக்கறதுக்கு முன்னாடியே வண்டி 100-ல இருக்கும். பின்சீட்டுல தூங்கறவங்க எழுந்துக்க மாட்டாங்க. சின்ன இன்ஜின்ல அதே வேலையைச் செய்யணும்னா ரெண்டு கியர் இறங்கணும், சத்தம் போடணும், அப்புறம்தான் போகும்.

அது நம்ம ஊர் வண்டியும்கூட. 2007-லேர்ந்து மகிந்திரா வேர்ல்டு சிட்டில பிஎம்டபிள்யூ ஆலை ஓடுது, எம்340ஐ அசெம்பிள் ஆனது அங்கதான்.

சக்கரம்71 | கோவை

எம்340ஐ நல்ல வண்டிதானுங்க, அதை மறுக்கலை. ஆனா தம்பி கேட்டது நாலு வழிச்சாலையை மட்டும் இல்லையே. ஏற்காடு, வால்பாறைன்னும் கேட்டிருக்காரு.

என்கிட்ட ஆர்எஸ் 245 இருக்குது. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ரோடு அகலம் என்னன்னு எல்லாத்துக்கும் தெரியும். எதிர்ல பஸ் வந்தா நம்ம இடப்பக்க டயர் மண்ணுல இறங்கோணும். அந்த மாதிரி இடத்துல முதல் பத்து வளைவுலயே ஒண்ணு புரிஞ்சிரும்: வேகத்தை முடிவு பண்றது இன்ஜின் இல்லீங்க, கண்ணும் பிரேக்கும் முன்டயரும்தான்.

முன்சக்கர டிரைவுன்னா வளைவுல இருந்து வெளிய வர்றப்போ ஆக்சிலரேட்டர் குடுத்தா உள்பக்கச் சக்கரம் சும்மா சுத்தும், ஸ்டியரிங் கையை இழுக்கும். 245-ல அதுக்குன்னே முன் ஆக்சில்ல எலெக்ட்ரானிக் லிமிடெட் ஸ்லிப் டிஃப் இருக்குதுங்க. வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கிற சக்கரத்துக்கு, வேணும்னா முழு டார்க்கையும் அனுப்பிரும். கொண்டை ஊசிக்குள்ள பாதி தாண்டினதும் தைரியமா காலை வைக்கலாம், வண்டி அகலமாப் போகாம உள்ள திரும்பும். வெறும் 245 குதிரைதான், ஆனா அத்தனையும் தரைக்கு வருது.

இன்னொண்ணுங்க. தொண்ணூறுகளோட கடைசில மறைமலை நகர்ல இருந்து ஃபோர்டு ஐகான் வந்துச்சு, திருவள்ளூர்ல இருந்து மிட்சுபிஷி லான்சர் வந்துச்சு. அதுக்கப்பறம் 1.8 டர்போ போட்ட முதல் ஆக்டேவியா ஆர்எஸ், 150 குதிரை, மேனுவல் கியர். அந்த வண்டிகள்ல மலை ஏறினவங்களைக் கேளுங்க. இன்னைக்கு எம்340ஐல இருக்கிற பவர்ல பாதிகூட இல்ல, ஆனா யாரும் மெதுவாப் போகலை.

விர்டஸ்_நாமக்கல் | நாமக்கல்

சக்கரம் அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு. என்கிட்ட இருக்கறது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி 1.5, மேனுவல். 150 குதிரை, 250 என்எம், எடை 1,250 கிலோ பக்கம். காரவள்ளியிலேர்ந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி. ஒருக்கா எனக்கு முன்னாடி ஒரு எம்340ஐ போச்சு. அடிவாரத்துலேர்ந்து மேல வரைக்கும் ரெண்டு வளைவு இடைவெளிக்கு மேல அது என்னைப் பிரியவே இல்ல.

ஆறு_சிலிண்டர் | சென்னை

ப்ரோ, அவர் குடும்பத்தோட நிதானமா போயிருப்பார். 387-ம் 150-ம் ஒண்ணுன்னு சொல்ல வர்றீங்களா?

நெறியாளர்

விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள். ஒரே வேண்டுகோள்: பொதுச் சாலையில் தொட்ட உச்ச வேகம், யாரை முந்தினோம் என்கிற கணக்கு இந்த இழையில் வேண்டாம். கொல்லிமலை ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.

கொதிநிலை | ஓரகடம்

நான் பிரேக் துறையில் வேலை செய்கிறேன். எந்த கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஆறு_சிலிண்டருக்கும் விர்டஸுக்கும் நடுவில் இருப்பது நம்பிக்கைப் பிரச்சினை அல்ல, கணக்கு. போட்டுப் பார்ப்போம்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி போகும் கோட்டின் ஆரம் 11 மீட்டர் என்று வையுங்கள். நல்ல டயர், காய்ந்த ரோடு, ஆனாலும் கொஞ்சம் மணல். பக்கவாட்டுப் பிடிமானம் புவியீர்ப்பில் 0.8 பங்கு கிடைக்கிறது என்று வைத்தால், அந்த வளைவை எடுக்க முடிகிற வேகம் மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். அவ்வளவுதான். இதில் குதிரைத்திறன் எங்குமே வரவில்லை. இன்னும் விலையுயர்ந்த டயர் போட்டு 10 சதவீதம் பிடிமானம் கூட்டினாலும் வளைவு வேகம் 5 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் வேகம் பிடிமானத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 என்பது 34.6 ஆகும்.

மிச்சம் இருப்பது இரண்டு வளைவுகளுக்கு நடுவில் உள்ள துண்டு. கொல்லிமலையில் பல இடங்களில் அது மிகக் குறுகியது. எம்340ஐ அங்கே வேகமாகப் பாயும், சந்தேகமில்லை. ஆனால் பாய்ந்த அடுத்த நொடியே 1,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை மறுபடி 33-க்குக் கொண்டுவர வேண்டும். 1,250 கிலோ வண்டி குறைவாகப் பாய்ந்து தாமதமாகப் பிரேக் பிடிக்கும். சேர்த்துப் பார்த்தால் ஒரு வளைவுக்கு ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசம்தான். எதிரே ஒரு பால் வண்டி வந்தால் அந்த லாபம் முழுவதும் போய்விடும்.

நாலு வழிச்சாலையில் இதே கணக்கு தலைகீழ். அங்கே டன்னுக்கு எத்தனை குதிரை என்பதுதான் பேசும். எம்340ஐ சுமார் 220, ஏ35 சுமார் 195, ஆர்எஸ் 245 சுமார் 168, விர்டஸ் ஜிடி சுமார் 120. இருவழிச் சாலையில் ஓவர்டேக் செய்யும்போது இந்த வரிசை அப்படியே பாதுகாப்பாக மாறுகிறது: எதிரே 80-ல் வரும் பஸ் ஒரு வினாடியில் 22 மீட்டர் நெருங்குகிறது. நீங்கள் ஒரு வினாடி முன்னதாக நம் பக்கத்துக்குத் திரும்பிவிட்டால், அந்த 22 மீட்டரும் உங்களுக்கு மிச்சம்.

ஏற்காடு_20 | சேலம்

கொதிநிலை மேடம், இந்த மாதிரி விளக்கத்துக்காகத்தான் கேட்டேன், மிக்க நன்றி. அப்படியானால் ஏறும்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்று. இறங்கும்போது?

கொதிநிலை | ஓரகடம்

இறங்கும்போதுதான் எனக்குக் கவலை. இந்த இழையில் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறோம்.

1,000 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 25 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வண்டி எந்த எடையானாலும் இந்த 25 மாறாது, இரண்டு பக்கமும் எடை அடிபட்டுவிடும். மாறுவது டிஸ்க்கின் அளவும் அதற்குக் கிடைக்கும் காற்றும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது காற்று மிகக் குறைவு. பெரிய டிஸ்க் வைத்த எம்340ஐக்கு இங்கே நிச்சயமான லாபம் உண்டு. ஆனால் பெரிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும் நேரத்தைக் கூட்டுமே தவிர, வெப்பத்தை இல்லாமல் ஆக்காது.

அதைவிட முக்கியம் பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தரம் கேட்பது 155 டிகிரிதான். நம் கடலோர ஊர்களில் ஈரம் சீக்கிரம் ஏறும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பேட் சூடாகிப் பிடிமானம் குறைவது வேறு. அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் பிடிக்காது. இரண்டுமே மலைச் சாலையில் ஆளைக் கொல்லும்.

செகண்ட் ஹேண்டில் எந்த வண்டி எடுத்தாலும், சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும், வாங்கிய வாரமே பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இறங்கும்போது ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்ட்டரில் இரண்டாவது கியரைப் பிடித்து வையுங்கள்.

சக்கரம்71 | கோவை

மேடம் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லீங்க. இங்க கோவைல காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல, நம்ம வண்டியையே ஓட்ட விடற டிராக் டே போறப்போ இதை நேர்லயே பாக்கலாம். ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் டிராக், நேர் ரோடு கம்மி. முதல் சுத்துகள்ல பவர் வண்டி எல்லாம் பறந்துரும். கொஞ்ச நேரத்துல எடை கூடின வண்டியோட முன்டயர் தோள் பக்கம் தேய்ஞ்சு உருள ஆரம்பிச்சிரும், பிரேக் வாசனை வரும், டிரைவர் தானாவே காலைத் தூக்குவாரு. இலேசான வண்டி அதே நேரத்தை எடுத்துக்கிட்டு சுத்திக்கிட்டே இருக்கும். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல 3.7 கிலோமீட்டர் டிராக், அங்க பெரிய இன்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்குது. அங்கயும் கடைசில பேசறது டயர்தான்.

பிரேக்கைப் பழகணும்னா டிராக்குக்குப் போங்க தம்பி. மலைல பழகாதீங்க.

நட்சத்திரம்_மதுரை | மதுரை

ஏ35 பத்தி யாருமே பேசலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நான் பேசறேன்.

மூணுலயும் ஸ்டியரிங் திருப்பின நொடியில மூக்கு உள்ள போறது ஏ35-தான். நாலு சக்கர டிரைவ். சாதாரணமா முன்சக்கர வண்டி மாதிரி ஓடும், தேவைப்பட்டா பாதி வரைக்கும் டார்க் பின்னாடி போகும். மழை நாள்ல மேலூர் பக்கம் ரவுண்டானாவுல இருந்து வெளிய வரும்போது ஆர்எஸ்-க்கு முன்சக்கரம் யோசிக்கும், ஏ35 யோசிக்காது. நத்தம் ரோட்டு மேம்பாலம் மாதிரி வழவழப்பான ரோடா இருந்தா இதைவிட சந்தோஷமான வண்டி இந்த விலையில கிடையாது.

ஆனா உண்மையையும் சொல்லணும்ல. அந்தப் பாலத்தைவிட்டு இறங்கி நத்தம் தாண்டி உள்ரோட்டுல போனா சஸ்பென்ஷன் ரொம்ப இறுக்கம். ஒட்டுப்போட்ட தார்ல வண்டி குதிக்கும். குதிக்கும்போது ஸ்டியரிங்ல இருந்த அந்தத் துல்லியம் போயிடும். பின்சீட்டுல என் அம்மா உக்காந்தா 60-க்கு மேல போக மாட்டேன்.

கொதிநிலை | ஓரகடம்

நட்சத்திரம் சொன்னது வெறும் சொகுசு பற்றிய குறை அல்ல, வேகத்தைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "இறுக்கமான சஸ்பென்ஷன் என்றால் ஸ்போர்ட்டி" என்று விளம்பரங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டன.

டயரின் பிடிமானம் அதன் மேல் இருக்கும் பாரத்தைப் பொறுத்தது. மேடு பள்ளமான ரோட்டில் இறுக்கமான ஸ்பிரிங் சக்கரத்தை விழவிடாது. மேட்டில் பாரம் எகிறும், பள்ளத்தில் பாரம் குறைந்து டயர் பாதி மிதக்கும். பாரம் ஏறிய நொடியில் கிடைத்த கூடுதல் பிடிமானம், பாரம் குறைந்த நொடியில் போனதை ஈடுகட்டாது. டயர் ரப்பர் அப்படி வேலை செய்வதில்லை. அதனால் சராசரியில் பிடிமானம் குறைகிறது. ஜெர்மானியத் தாரில் இறுக்கமான வண்டி வேகமானது. நம் தாரில் அதே வண்டிதான் மெதுவாகும்.

மூன்றில் ஆக்டேவியாவின் ஷாக் அப்சார்பர்தான் நம் ரோட்டுக்கு அதிகம் பொருந்துகிறது என்பது என் கருத்து. எம்340ஐ வேகம் கூடக்கூட நன்றாகத் தரையோடு ஒட்டும், 40-ல் குழியில் விழுந்தால் இடிக்கும். தாழ்ந்த பக்கச்சுவர் டயர் எதுவானாலும் குழியின் விளிம்பில் அடிபட்டால் ரிம் வளையும் அல்லது டயர் பக்கவாட்டில் புடைக்கும். புடைத்த டயரோடு நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதீர்கள்.

வடக்கு_வளைவு | டோட்முண்ட், ஜேர்மனி

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச ஜேர்மனியில இருக்கிறன், என்ர கார் அல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ. உங்கட மூண்டு காரும் இல்லை எண்டாலும், கேள்வி அதே கேள்வி எண்டதால எழுதுறன்.

இதில 2.9 லீற்றர் வி6, 510 குதிரை, பின்சில்லு டிரைவ். 2016-ல இஞ்ச இருக்கிற நூர்பர்க்ரிங் றேஸ் தடத்தின்ர வடக்கு வளையத்தில 7 நிமிசம் 32 செக்கனில ஓடினது எண்டு கம்பனி பெரிசா அறிவிச்சது. 20.8 கிலோமீற்றர் அந்த வளையம். கனபேர் அந்த நேரத்தைப் பாத்துத்தான் கார் வாங்குகினம். ஆனா அது கம்பனி ஓட்டுநர், காய்ஞ்ச நாள், றேஸ் ரயருக்குக் கிட்டவான ரயர். ஒக்டோபர் மாசம் மழையில, மர இலை விழுந்து கிடக்கிற றோட்டில அதே ரயரோட போனா, 510 குதிரையில பாதியைத்தான் நீங்கள் பாவிக்கலாம். என்ர சிநேகிதர் ஒராள் பிஎம்டபிள்யூ எம்3 எக்ஸ்டிரைவ் வச்சிருக்கிறார், அதுகும் 510 குதிரைதான். காய்ஞ்ச றோட்டில, வளைஞ்சு வளைஞ்சு போற மலைப்பக்கத்தில நான் அவரை விட மாட்டன். ஜூலியாவின்ர ஸ்டியரிங் மிச்சம் கூர்மை, முன் சஸ்பென்சன் டபிள் விஷ்போன், அச்சுத்தண்டுகூட காபனில செய்தது. காரும் எம்3-ஐ விடப் பாரம் குறைவு. மழை வந்தா அவரைப் பிடிக்கேலாது.

ஓட்டோபான் எண்ட இஞ்சத்தைய நெடுஞ்சாலையைப் பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். ஊரில இருக்கிற ஆக்கள் 250, 280 எண்டு கேக்கினம். லிமிற் இல்லாத இடத்திலயும் 1978-ல இருந்து 130 எண்டுதான் பரிந்துரை; அதுக்கு மேல ஓடேக்க விபத்து நடந்தா பழியில உங்களுக்கும் பங்கு வரும். அங்க காரின்ர தரம் தெரியிறது வேகம் எடுக்கேக்க இல்லை. ஒரு லொறி இன்னொரு லொறியை முந்த எண்டு திடீரெண்டு வெளியில வரேக்க, 200-ல இருந்து 100-க்குக் கொண்டுவர வேணும். 100-ல இருந்து முழுசா நிப்பாட்டுறதை விட மூண்டு மடங்கு சக்தி அது. அந்த நேரம் கார் நேராப் போகுதா, ஸ்டியரிங் ஆடுதா எண்டதுதான் வேகமான கார் எது எண்டதைச் சொல்லும்.

தம்பி, உங்கட இடத்தில மழைக்காலம் எவ்வளவு எண்டு பாருங்கோ. நாலு சில்லு டிரைவின்ர பெறுமதி அதிலதான் இருக்கு.

ஏற்காடு_20 | சேலம்

அண்ணா, ரொம்ப நன்றி. ஏற்காட்டில் ஜூன் தொடங்கி நவம்பர் வரை ஏதாவது ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். பனியும் உண்டு. நீங்கள் சொன்னது சரியாகப் பொருந்துகிறது.

இன்னொரு சந்தேகம். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி. பேப்பரில் உள்ள 387 அந்த வெயிலில் கிடைக்குமா?

ஆறு_சிலிண்டர் | சென்னை

மத்தியானத்துல வித்தியாசம் தெரியும் ப்ரோ, மறைக்க மாட்டேன். விடியற்காலைல வண்டி வேற மாதிரி இருக்கும். ஆனா நின்னு நின்னு போற டிராஃபிக்ல இருந்து வெளிய வந்த முதல் நிமிஷம்தான் மந்தம். காத்து பட்டதும் சரியாயிடும்.

கொதிநிலை | ஓரகடம்

15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று அதை ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் அழுத்திய காற்று இன்னும் சூடாகும், இன்ஜின் தட்டாமல் இருக்க கணினி இக்னிஷனைத் தள்ளிப்போடும். அங்கேதான் திறன் போகிறது. எம்340ஐயின் இன்ஜினில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்வது, உள்ளிழுக்கும் குழாயோடு சேர்ந்தே இருக்கிறது. காற்றுப் பாதை குட்டை, அதனால் ஆக்சிலரேட்டருக்கு உடனே பதில் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் ஒருமுறை சூடானால் குளிர நேரம் எடுக்கும். ஆர்எஸ் 245-ல் முன்பக்கம் காற்றால் குளிரும் இன்டர்கூலர். ஓடிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தெளிந்துவிடும், நெரிசலில் சூடாகும்.

பெட்ரோலும் இதில் சேர்த்தி. இந்த மூன்று இன்ஜினுக்கும் குறைந்தது 95 ஆக்டேன் போடுங்கள். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது. கிடைக்கிற ஊரில் கோடையில் போட்டால் பலன் உண்டு. மார்கழியில் அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை.

விர்டஸ்_நாமக்கல் | நாமக்கல்

என்கிட்ட கேட்டா அண்ணா, விலைல பாதிக்குக் கீழ ஒரு விர்டஸ் எடுத்து, நல்ல டயர் போட்டு, மிச்ச காசுல நாலு தடவை காரிக்குப் போயிட்டு வாங்க. சேலத்துல இருந்து காரி ரொம்ப தூரம் இல்லையே. மேனுவல்ல நீங்களே கியர் போடற சந்தோஷம் இந்த மூணுலயும் கிடையாது.

சக்கரம்71 | கோவை

அது நல்ல யோசனைதானுங்க, ஆனா தம்பிக்கு நாலு பேரோட சென்னை போகோணும். விர்டஸ் அதுக்கும் போதும்தான், இருந்தாலும் ஆசைப்பட்டு வாங்கறது வேற. தம்பி, மூணையும் மறுபடி ஓட்டிப் பாருங்க. நல்ல ரோட்டுல இல்ல. உங்க வீட்டுல இருந்து நீங்க தினமும் போற மோசமான ரோடு ஒண்ணு இருக்குமே, அதுல. வீட்டுக்காரம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டுங்க.

ஏற்காடு_20 | சேலம்

சக்கரம் அண்ணா சொன்னபடியே செய்தேன். எம்340ஐயும் ஆர்எஸ்ஸும் மறுபடி கிடைத்தன. ஏ35-ஐ விட்டுவிட்டேன், மதுரை நண்பர் சொன்ன குதிப்பு, என் மனைவிக்கு முதல் முறையே பிடிக்கவில்லை.

ரயில்வே கேட் தாண்டி ஓமலூர் பக்கம் ஒரு உடைந்த ரோடு. ஆர்எஸ் அதில் அழகாக மிதந்து வந்தது, எம்340ஐ இரண்டு இடத்தில் இடித்தது. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசியும் ஏறி இறங்கினோம். ஏறும்போது கொதிநிலை மேடம் போட்ட கணக்கு அப்படியே கண்முன் நடந்தது: எம்340ஐயில் அடுத்த வளைவு சீக்கிரம் வந்துவிடுகிறது, அங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆர்எஸ்ஸில் ஓட்டம் விட்டுப்போகாமல் இருந்தது. இறங்கும்போது தூறல். எம்340ஐயின் பின்பக்கம் எப்படித் தள்ளுகிறது என்பது இருக்கையிலேயே தெரிகிறது, கை இறுகவில்லை. ஆர்எஸ்ஸில் முன்சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பிடித்தது; அதுவும் பயமுறுத்தவில்லை, ஆனால் தெரிந்தது.

பிறகு தொப்பூர் வழியாகத் தருமபுரி போய்த் திரும்பினோம். அந்த இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். தேவைப்பட்ட நொடியில் விலகிப் போவதற்கு எம்340ஐயில் இருக்கும் கையிருப்பு வேறு எதிலும் இல்லை. என் ஓட்டத்தில் முக்கால்வாசி இந்த ரோடுதான். எம்340ஐ எடுக்கிறேன்.

சக்கரம்71 | கோவை

வாழ்த்துகள் தம்பி. நான் இன்னும் ஆர்எஸ் பக்கம்தான், வால்பாறைக்கு வாங்க, பேசுவோம்.

வடக்கு_வளைவு | டோட்முண்ட், ஜேர்மனி

நல்ல முடிவு. ரயரில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற அளவு எண்டால் மாத்திப் போடேலாது, பின் ரயர் கெதியாத் தேயும்.

ஆறு_சிலிண்டர் | சென்னை

வாங்கறதுக்கு முன்னாடி டயர் பக்கச்சுவர்ல டாட் எழுத்துக்கு அப்புறம் கடைசி நாலு நம்பரைப் பாருங்க ப்ரோ. 2321-ன்னு இருந்தா 2021-ல 23-வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன டயரா இருந்தா, நாலு புது டயர் விலையை அப்படியே கழிச்சுப் பேசுங்க. ரன்ஃப்ளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்) போட்டிருந்தா அதையும் கேளுங்க, விலை வேற. பிரேக் ஆயிலுக்கு பில் காட்டச் சொல்லுங்க. பில் இல்லன்னா மாத்தலைன்னு வெச்சுக்கங்க.